சரிசெய்யப்பட்டுவிட்ட படகுத்துறை

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. கடல் வற்றியிருந்த நேரம். ரோண்டா ட்ரெவின் படகுத்துறைக்கு அடியில் இறங்கி, நான்காவது தூணில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினாள். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரப் புட்டு மாதிரி மரத்தூள் உதிர்ந்தது. கூடவே இரண்டு வெள்ளைப் புழுக்களும் வந்தன.

"நெவ், இங்க வந்து இதப் பாரு."

நெவ் பாஸ்கோ குனிந்து பார்த்தான். "அடப்பாவி. இது தூணா, நனைச்ச ரொட்டியா?"

"அஞ்சாவதும் இப்படித்தான். ஆறாவதுல கைவைக்கவே பயமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

எங்கள் ஊர் கூம்ப் விரிகுடாவில் தென்கடல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடலாய்வு நிலையம் உண்டு. நிரந்தர ஊழியர்கள் இரண்டே பேர். ஆய்வுப் படகை ஓட்டுபவள் ரோண்டா, இருபத்திரண்டு வருஷமாக. மீன்தொட்டிகளையும் கடல்நீர்க் குழாய்களையும் பார்த்துக்கொள்பவன் நெவ். நான் பக்கத்துத் துறையில் மீனவர் கூட்டுறவில் மீன் எடைபோடுகிறவன். இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி ரோண்டா சொன்னது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வேலையில் அவளுக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

முன்பெல்லாம் இப்படி ஏதாவது உளுத்துப்போனால் கட்டடப் பிரிவில் கிரஹாம் என்று ஒருவர் இருந்தார். ரோண்டா போன் செய்து, "கிரஹாம், தூண் போச்சு" என்பாள். அவர் கெட்டவார்த்தையில் திட்டிவிட்டு, அடுத்த வாரம் லாரியில் மரத்தோடு வந்து இறங்குவார். இந்த முறையில் பல கோளாறுகள் இருப்பதாகப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. முக்கியமான கோளாறு, அது வேலை செய்தது. எப்படி வேலை செய்கிறது என்று யாராலும் அறிக்கை எழுத முடியவில்லை. கிரஹாமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இருந்த மாடி முழுவதையும் இடித்துக் கண்ணாடி அறைகளாக்கி, 'அபாயம் மற்றும் நம்பிக்கைக்கான மையம்' என்று பலகை மாட்டினார்கள். அதன் தலைவராகப் பேராசிரியர் ஜூலியன் க்ரெஸ்வெல் வந்து அமர்ந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

க்ரெஸ்வெல் பதினெட்டு வருஷம் ஒரு வங்கியில் நிறுவன அபாய மேலாண்மைத் தலைவராக இருந்தவர். நிறுவனத்துக்கு என்னென்ன கேடு வரக்கூடும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைப்பதுதான் அந்த வேலை. அவர் காலத்தில் வங்கியின் பட்டியலில் நாலாயிரத்து இருநூறு கேடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நிறம், ஒரு பொறுப்பாளர். வங்கி மூழ்கியபோது பட்டியல் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் மீட்கப்பட்டது. மூழ்கியதற்கான காரணமும் அதில் இருந்தது, 2,911ஆம் எண்ணில், பச்சை நிறத்தில்.

இப்பேர்ப்பட்ட அனுபவம் வீணாகிவிடக் கூடாதென்று தென்கடல் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. தம் வங்கி மூழ்கியதைப் பற்றி அவர் ஆறு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஆறிலும் அவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். ஏழாவது கட்டுரைக்குள், எழுதினால் அழிக்க முடியாத கணினிப் பதிவேடான பிளாக்செயின் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பெயருக்குக் கீழே 'புத்தாக்க முன்னோடி' என்றும் போடத் தொடங்கினார்கள்.

ரோண்டாவுக்கு இது எதுவும் தெரியாது. தூணைச் சரிசெய்ய வேண்டுமானால் இனிமேல் மையத்தின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும் என்று மட்டும் தெரியும். பதிய உட்கார்ந்தாள். 'கேட்டின் வகை' என்ற இடத்தில் எதையும் எழுத முடியாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நற்பெயருக்குக் கேடு, உலகத் தரவரிசைக்குக் கேடு, வெளிநாட்டு மாணவர் வரத்துக்குக் கேடு, கணினிக்குக் கேடு என்று முப்பத்தொரு வகை இருந்தது. ஆள் கடலில் விழுவது அதில் இல்லை.

நெவ் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "நற்பெயர்னு போடு. எவனாச்சும் செத்தா பேரு கெடும்ல."

அப்படியே போட்டாள். நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல் என்றது. ஐந்து போட்டாள். நடந்தால் விளைவு எவ்வளவு? அதற்கும் ஐந்து. கணினி இரண்டையும் பெருக்கி இருபத்தைந்து என்று சிவப்பில் காட்டியது. மறு நிமிடம் தொலைபேசி அடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் தலைமையகத்திலிருந்து யாரும் அவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டதில்லை.

"ரோண்டாவா? நான் டாம்சின் பேசறேன். உங்க அபாயக் கூட்டாளி."

"என்ன கூட்டாளி?"

"அபாயக் கூட்டாளி. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருத்தர் உண்டு. நீங்க இருபத்தஞ்சு போட்டிருக்கீங்க. அதக் கொஞ்சம் பன்னெண்டாக்க முடியுமா?"

"எதுக்கு? இன்னொரு தூணு நட்டுட்டீங்களா?"

"இல்ல. பல்கலைக்கழகத்தோட அபாயப் பசி பதினஞ்சுதான். அதுக்கு மேல போனா நிர்வாகக் குழு ஏத்துக்காது. ஏத்துக்காத அபாயம் நம்மகிட்ட இருக்கக் கூடாது. அதனால அது இல்லைன்னுதான் ஆகும்."

"அம்மா, தூணு உளுத்துப்போச்சு. கைய விட்டா அந்தப் பக்கம் வருது."

"உளுத்தத நாங்க மறுக்கவே இல்ல, ரோண்டா. உங்க நம்பர்தான் எங்க பசிக்கு மேல போயிடுச்சு."

ரோண்டா பன்னிரண்டாக்கினாள். எப்படியாவது மரம் வந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. மரம் வரவில்லை, பயிலரங்குக்கு அழைப்பு வந்தது.

ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி, தலைமையகம் இருக்கும் அடிலெய்ட் போனாள். பக்கத்து இருக்கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் நான்காம் தூணிலிருந்து உடைத்த ஒரு துண்டு, கடல்நீரில் ஊறவைத்து. கண்ணாடி அறையில் முப்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வண்ண ஒட்டுத்தாள் கொடுத்து, உங்கள் அச்சத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார்கள். 'மாற்றம்' என்று ஒருவர் ஒட்டினார். 'தேக்கம்' என்று அடுத்தவர். ரோண்டா 'நாலாவது தூண்' என்று எழுதி ஒட்டினாள். நடத்துகிற பெண் அதைப் படித்து, "ஆகா, என்ன அழகான உருவகம்!" என்று எல்லோருக்கும் காட்டினாள்.

க்ரெஸ்வெல் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து.

"இங்க யாரும் என்னைப் பேராசிரியர்னு கூப்பிடக் கூடாது. ஜூலியன் போதும். இந்த அறையில நாம எல்லாரும் சமம்."

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் மட்டும் பேசினார்.

"அபாயம்னா என்ன? கீழ விழறதுன்னு நினைக்கிறீங்க. அது பழைய நினைப்பு. விழறது வெறும் சம்பவம். அபாயம்ங்கிறது விழறதப் பத்தி நாம நடத்துற உரையாடல். நான் வங்கியில இருந்தப்போ எங்க உரையாடல் உலகத்தரத்துல இருந்துச்சு. வங்கி போயிடுச்சு, உண்மைதான். ஆனா அது போறத எங்கள மாதிரி தெளிவா ஆவணப்படுத்தினவங்க யாரும் கிடையாது."

கை தட்டினார்கள். ரோண்டா எழுந்து டப்பாவை அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். அறை முழுவதும் சேற்று வாடை பரவியது. ஒரு புழு நெளிந்து மேசைமேல் வந்தது.

"ஜூலியன், இதப் பாருங்க. இதுமேலதான் பசங்க பெட்டியத் தூக்கிட்டு நடக்கறாங்க. மரம் எப்ப வரும்?"

அவர் சிரித்தார், மிகவும் அன்பாக. "ரொம்ப நன்றி, ரோண்டா. களத்திலிருந்து வர்ற கதைகள் நமக்கு வேணும். ஆனா பாருங்க, இது ஒரு துண்டு. ஒரு துண்டு தரவு ஆகாது."

"தூண் முழுசையும் பிடுங்கிட்டு வந்திருக்கணுமா?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். க்ரெஸ்வெல் சிரிக்கவில்லை. "இந்த வேகம், இந்த அக்கறை! இத வீணாக்கக் கூடாது. இந்த அபாயத்துக்கு உரிமையாளரா ரோண்டாவையே நியமிக்கலாம்னு நினைக்கிறேன்." மறுபடி கை தட்டினார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நெவ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ துறை உன்னுதா?"

"துறை அவங்களுது. அது விழுந்தா அந்த விழுறது என்னுது."

"வாழ்த்துகள். விருந்து எப்போ?"

மே மாதம் க்ரெஸ்வெல்லே எங்கள் ஊருக்கு வந்தார். மையம் கண்டுபிடித்த 'உறுதிச் சங்கிலி'யை அறிமுகப்படுத்தும் விழா. பின்னணியில் கடல் இருந்தால் படம் நன்றாக வரும் என்று எங்கள் நிலையத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புல்தரையில் வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். துணைவேந்தர் அம்மையார் வந்தார். மையத்திலிருந்து டாம்சினும் வந்திருந்தாள். தலைக்கு மேல் ஒரு டிரோன் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. தேங்காய்த்துருவல் தூவிய லாமிங்டன் கேக் இருந்ததால் நாங்களும் கூட்டுறவிலிருந்து போனோம்.

"இதுவரைக்கும் பதிவேடுகள மனுஷங்க திருத்தினாங்க," என்றார் க்ரெஸ்வெல். "மனுஷன் திருத்துவான், அழிப்பான், மாத்தி எழுதுவான். மனுஷன நம்ப முடியாது. உறுதிச் சங்கிலியில ஒவ்வொரு பதிவும் ஒரு கண்ணி. ஒரு தடவ கோத்துட்டா, நான் நினைச்சாலும் முடியாது, துணைவேந்தர் நினைச்சாலும் முடியாது, கடவுளே வந்தாலும் ஒரு எழுத்த மாத்த முடியாது. இனிமே உண்மை ஒண்ணுதான். அது எங்கிட்ட இருக்கு."

பெரிய திரை ஒன்று ஒளிர்ந்தது. முதல் கண்ணியைத் துணைவேந்தர் கோக்க வேண்டும். எதைப் பதியலாம் என்று கேட்டார்கள். அம்மையார் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அதோ அந்தப் படகுத்துறை எவ்வளவு அழகா இருக்கு! அதப் போடலாமே" என்றார். திரையில் படகுத்துறையின் படம் வந்தது. கீழே மூன்று பொத்தான்கள். சிவப்பில் 'பழுது', மஞ்சளில் 'பணி நடக்கிறது', பச்சையில் 'சரிசெய்யப்பட்டது'.

"எத அழுத்தணும், ஜூலியன்?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ. சும்மா ஒரு மாதிரிக்குத்தானே."

அம்மையாருக்குப் பச்சை பிடித்திருந்தது.

"ஐயோ, அது இன்னும் சரிபண்ணலைங்க!" என்று பின்னாலிருந்து ரோண்டா கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்குள் இசை போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஊர்த் தச்சர் ரோண்டா கேட்டதற்காக ஆறு தூண்களை லாரியில் ஏற்றி வைத்துக்கொண்டு பணி உத்தரவுக்குக் காத்திருந்தார். உத்தரவு வரவில்லை. ரோண்டா டாம்சினைக் கூப்பிட்டாள்.

"சரிசெஞ்ச துறைக்குப் பணி உத்தரவு போட முடியாதே, ரோண்டா."

"யார் சரிசெஞ்சது?"

"அது பதிவுல இல்ல. சரிசெய்யப்பட்டதுங்கிறது மட்டும் இருக்கு."

"தப்பா அழுத்திட்டாங்கம்மா. நீயும்தான அங்க நின்ன! மாத்திடு."

"மாத்த முடியாதுங்கிறதுதான் அதோட பெருமை." டாம்சினின் குரல் இறங்கியது. "புதுசா ஒரு கண்ணி சேக்கலாம். மறுபடி பழுதாச்சுன்னு."

"அப்போ சேத்துடு."

"அதுக்கு ஒரு நிகழ்வு வேணும்."

"நிகழ்வுன்னா?"

"சரியா இருந்தது பழுதாயிருச்சுன்னு காட்டற மாதிரி. ஏதாவது நடந்திருக்கணும்."

"யாராவது விழணுமா?"

"நான் அப்படிச் சொல்லல. நிகழ்வு வேணும்னுதான் சொன்னேன்."

ரோண்டா போனை வைத்துவிட்டு, துறை வாசலில் இரும்புச் சங்கிலியைக் குறுக்கே கட்டிப் பூட்டினாள். ஒரு பலகையில் 'உளுத்துப்போச்சு. ஏறாதே' என்று எழுதித் தொங்கவிட்டாள். ஆய்வுப் படகை எங்கள் துறைக்குக் கொண்டுவந்து கட்டிக்கொண்டாள். மாணவர்கள் எங்கள் மீன் பெட்டிகளுக்கு நடுவே ஏறி இறங்கினார்கள். பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் கடிதம் வந்தது.

'சரிபார்க்கப்பட்ட சொத்தின் மெய்யான நிலைக்கு முரணான அறிவிப்பை வைத்தமைக்காக' முதல் எச்சரிக்கை என்று அதில் இருந்தது. பூட்டும் பலகையும் பொதுமக்களிடையே நம்பிக்கையின்மையை உண்டாக்குவதால் அவையே ஓர் அபாயம். அதன் எண் பதினாறு, பசிக்கு ஒன்று மேல். ஆகவே உடனே அகற்றப்பட வேண்டும். அடிலெய்டிலிருந்து ஒரு காவலாளி ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, சங்கிலியை வெட்டி எடுத்துக்கொண்டு, மறுபடி ஏழு மணி நேரம் ஓட்டிப் போனான். ஆறு தூண்களுக்குக் கிடைக்காத உத்தரவு அவனுக்கு ஒரே நாளில் கிடைத்திருந்தது. ரோண்டா இரண்டு முறை மறுபடி கயிறு கட்டினாள். இரண்டாவது எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போகும்.

ஜூலை மாதம், ஒரு பெரிய புயலுக்கு மறுநாள் காலை பத்து மணி. கடல் பாசியைக் குவியல் குவியலாகக் கரையில் தள்ளியிருந்தது. நிலையத்துத் தொட்டிகளுக்குக் கடல்நீர் இழுக்கும் குழாய் படகுத்துறையின் கடைசியில் இருக்கிறது. அதன் வாய் பாசியில் அடைத்துக்கொண்டது. தொட்டிகளில் முந்நூறு கடற்குதிரைகள். நெவ் மூன்று வருஷமாகக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தவை. தண்ணீர் நின்றால் மதியத்துக்குள் எல்லாம் போய்விடும். நெவ் ஒரு கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு, பலகைகளை உத்திரத்தில் அடித்திருந்த ஆணி வரிசை மேலேயே கால் வைத்து, பூனை மாதிரி நடந்து போனான். அப்படி நடந்தால் தாங்கும் என்று நினைத்தான். போகும்போது தாங்கியது. குழாயைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பும்போது நான்காம் தூண் மடங்கியது.

இந்த இடத்தை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சத்தம் கேட்டு ரோண்டா எங்கள் துறையிலிருந்து படகைத் திருப்பினாள். நானும் தாவி ஏறினேன். நெவ்வின் இடது கால் குறுக்கு உத்திரத்துக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலைக்கும் உத்திரம் தூக்கித் தூக்கி இறங்கியது. ரோண்டா கோட்டோடு தண்ணீரில் குதித்து அவன் முகவாயைத் தன் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். நானும் ரம்பத்தோடு ஓடிவந்த தச்சரும் உத்திரத்தை அறுத்தோம்.

"ரோண்டா," என்றான் நெவ். உதடு நீலமாகியிருந்தது.

"பேசாத."

"தொட்டிக்குத் தண்ணி போகுதான்னு யாரையாச்சும் பாக்கச் சொல்லு."

"போகுது. வாய மூடு."

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைக்கு மையத்திலிருந்து பூங்கொத்து வந்தது. கூடவே, 'உங்கள் நிகழ்வு அனுபவம் எப்படி இருந்தது?' என்று ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடும் படிவமும் வந்தது. மயக்கம் முழுவதும் தெளியாமலே நெவ் அதை நிரப்பினான். மூன்று நட்சத்திரம் கொடுத்து, 'தண்ணீர் சில்லென்று இருந்தது' என்று எழுதினான்.

மறுநாள் டாம்சின் ரோண்டாவைக் கூப்பிட்டாள். "நிகழ்வு பதிவாயிடுச்சு. இப்போ புதுக் கண்ணி சேக்கலாம்," என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "ஒரு நிமிஷம். வெளிய போய் என் சொந்த போன்லேர்ந்து கூப்பிடறேன்." மறுபடி கூப்பிட்டபோது அழுதுகொண்டிருந்தாள். "நீங்க அனுப்பினது, நான் பதில் போட்டது, எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். மாநிலப் பாதுகாப்பு ஆய்வாளர் வருவாங்க. அவங்களுக்கே நேரா அனுப்பிடறேன்."

"உன் வேலை போயிடுமேம்மா."

"போகட்டும். எனக்குத் தூக்கம் போயிடுச்சு."

ஆய்வாளர் வருவதற்கு முன்னாலேயே பல்கலைக்கழகம் தானே ஒரு விசாரணை நடத்தி முடித்துவிட்டது. நடத்தியது அபாயம் மற்றும் நம்பிக்கைக்கான மையம். உறுதிச் சங்கிலியைக் கேட்டார்கள். நிகழ்வுக்கு முந்தைய நொடி வரை துறை சரியாக இருந்ததாகச் சங்கிலி சொன்னது. சரியாக இருந்த துறை தானாக விழாது. ஆகவே 'பயனாளர் சரிபார்க்கப்பட்ட சொத்தை அணுகிய விதமே' காரணம் என்றும், அபாய உரிமையாளர் கவனம் தவறினார் என்றும் அறிக்கை முடித்தது. உரிமையாளரின் பெயர் ரோண்டா ட்ரெவின். ஆதாரத்துக்கு, பயிலரங்கில் அவள் வாங்கிய சான்றிதழையே இணைத்திருந்தார்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஆகஸ்டில் ஆய்வாளர் வந்தார். எலேனி கவாலாஸ் என்று பெயர். குட்டையான, அதிகம் பேசாத பெண். கையில் ஒரு சுத்தியலும் ஒரு நோட்டுப் புத்தகமும். க்ரெஸ்வெல் இரண்டு வழக்கறிஞர்களோடும் ஒரு மடிக்கணினியோடும் வந்து கரையில் நின்றார். துறையில் பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் கூடிவிட்டோம். ரோண்டாவும் எங்களோடுதான் நின்றாள்.

க்ரெஸ்வெல் அரை மணி நேரம் விளக்கினார். "சங்கிலி பொய் சொல்லாது. மரம் சொல்லலாம், கடல் சொல்லலாம், சாட்சிங்க சொல்லலாம். சங்கிலிக்கு அந்த வசதி கிடையாது." எலேனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இந்த மீதித் துறைக்கு உங்க பதிவு என்ன சொல்லுது?" என்றார்.

"பச்சை. உடைஞ்ச பகுதிதான் இப்போ சிவப்பு. மூணாவது தூண் வரைக்கும் முழுக்கச் சரிபார்க்கப்பட்டது."

"பத்திரமானது?"

"சந்தேகத்துக்கு இடமே இல்ல."

"நல்லது. அந்த மூணாவது தூண் வரைக்கும் நடந்து போய், அவர் எங்க விழுந்தார்னு கைநீட்டிக் காட்டுங்க. நான் இங்கிருந்து படம் எடுத்துக்கறேன்."

க்ரெஸ்வெல் துறையைப் பார்த்தார். அலை ஒன்று அடித்தது. துறை லேசாக முனகியது.

"அது அவசியமில்லைன்னு நினைக்கிறேன். என் கணினியில முப்பரிமாணப் படம் இருக்கு."

"கணினி ஈரமாயிடும். நீங்க நடங்க."

"இல்ல, இதுல ஒரு கொள்கைப் பிரச்சினை இருக்கு." அவர் குரலைச் சரிசெய்துகொண்டார். "நிறுவனத்தோட அபாயப் பசி வேற, தனிமனுஷனோட அபாயப் பசி வேற. நிறுவனம்ங்கிற முறையில இந்தத் துறை பத்திரமானதுன்னு நான் முழு மனசோட நம்பறேன். ஜூலியன்ங்கிற முறையில எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

கடற்காக்கைகள்கூடக் கத்தவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவை கத்திக்கொண்டுதான் இருந்தன. வழக்கறிஞர்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கும் பிள்ளைங்க இருக்குடா, பரதேசி!" என்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நெவ். ஊன்றுகோலோடு எப்போது வந்து நின்றான் என்று யாரும் கவனிக்கவில்லை.

எலேனி நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். சுத்தியலை எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கி, மூன்றாவது தூணில் ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் அங்கேயே சொருகிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்து, "யாரும் கிட்டப் போகாதீங்க," என்றார். அவ்வளவுதான் அவருடைய உரை.

டாம்சின் அனுப்பிய கடிதங்களும் அந்த ஒரு வரியும் போதுமானதாக இருந்தன. பல்கலைக்கழகம்தான் பொறுப்பு என்று தீர்ப்பாகி அபராதம் விதித்தார்கள். நெவ்வுக்கு நஷ்டஈடு கிடைத்தது. ரோண்டாவைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். அழைப்புக் கடிதத்தோடு, நடந்தது எதையும் வெளியில் பேசக் கூடாதென்று ஓர் ஒப்பந்தமும் இருந்தது. அவள் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் கூட்டுறவில் படகோட்ட வந்துவிட்டாள். டாம்சினின் வேலை போயிற்று. இப்போது பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறாள். இரவில் தூக்கம் வருகிறதாம்.

படகுத்துறையை அரசு உத்தரவின்படி பிடுங்கி எடுத்தார்கள். அங்கே இப்போது வெறும் தண்ணீர். சங்கிலியில் மட்டும் மூன்றாம் தூண் வரை பச்சை நிறத்தில் இருக்கிறது. கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்று அவர் முன்பே சொன்னார்.

க்ரெஸ்வெல் இந்த அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்பிக்கைக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி என்பது பொருள். அதற்கு ஒரு சர்வதேசப் பரிசு கிடைத்தது. ஏற்புரையில், தோல்வியை இவ்வளவு அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புத் தமக்கு இரண்டு முறை கிடைத்ததைப் பெரும்பேறாகக் கருதுவதாகச் சொன்னார். பார்வையாளர்கள் எழுந்து நின்று கை தட்டியதாகச் செய்தி.

ஜனவரியில் வேறொரு செய்தி வந்தது. அண்டை மாநிலத்தில் பதினோரு அணைக்கட்டுகளின் பாதுகாப்புப் பதிவேட்டைச் சங்கிலியில் கோக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் முதல் அணை எது என்று ரோண்டா பார்த்தாள். அதற்குக் கீழே ஒரு சிற்றூர் இருந்தது. பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, நானூறு வீடு. அணைக் காவலரின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து, எங்கள் அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டாள். நானும் நெவ்வும் பக்கத்தில் இருந்தோம். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள்.

கெல்வின் ஹூப்பர் என்று ஒரு பெரியவர் எடுத்தார். சாவதானமான, நல்ல குரல். ரோண்டா தன் பெயரைச் சொல்லிவிட்டு, க்ரெஸ்வெல்லைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தடுமாறினாள்.

"அவரா? அடுத்த வியாழக்கிழமை வர்றார்மா," என்றார் கெல்வின். "இங்க விழா. கூடாரமெல்லாம் வந்து இறங்கியாச்சு. எனக்கும் சந்தோசம்தான். மதகுக்குப் பக்கத்துல ஒரு விரிசல்ல ரெண்டு மாசமா தண்ணி கசியுது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியாம இருந்தேன். இப்போ அவர்கிட்டயே சொல்லிடலாம்."

நெவ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"ஐயா," என்றாள் ரோண்டா, "நான் சொல்றதக் கேளுங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க. அவர் வர்றதுக்குள்ள அத அடைச்சிடுங்க. வியாழக்கிழமைக்குள்ள. முடிஞ்சா இன்னைக்கே."

அந்தப் பக்கம் கெல்வின் சிரித்தார். விவரம் தெரியாத பிள்ளை ஏதோ கேட்டுவிட்டது போல.

"அதுக்கு உத்தரவு வேணுமேம்மா," என்றார்.